‘குட்’ பக்கத்தில் உட்காரும் சொற்கள்

டெல்மர், ரொசெண்டோவுக்குத் தரவேண்டியிருந்தது எழுநூற்று நாற்பது டாலர்.

ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை டெல்மரின் பிக்கப் வண்டியில் கியர்பாக்ஸ் செத்துப்போனது. பழைய கியர்பாக்ஸ் ஒன்றைத் தேடிப்பிடித்து மாட்ட மெக்கானிக் கேட்ட தொகை அது. வண்டி இல்லாவிட்டால் வேலையிடத்துக்குப் போக முடியாது. வேலைக்குப் போகாவிட்டால் வண்டியைச் சரிசெய்யக் காசு வராது. அவர் இப்படி முட்டிக்கொண்டு நின்றபோது, ரொசெண்டோதான் யாரும் கேட்காமலே, சனிக்கிழமைக் கூலிகளில் சேர்த்துவைத்த நோட்டுகளை ரொட்டிப் பையில் சுற்றிக்கொண்டுவந்து நீட்டினான்.

டெல்மர் வாங்கிக்கொண்டு, “ஐம் குட் ஃபார் இட்” என்றார்.

என்னை நம்பலாம், கட்டாயம் திருப்பித் தருவேன் என்பதை, அமெரிக்காவில் ஏரிக்கரையோரம் இருக்கிற ஈரி நகரத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அவருடைய அப்பா மளிகைக்கடையில் சொன்னதும் அதுதான், பாட்டன் சாராயக்கடையில் சொன்னதும் அதுதான். ரொசெண்டோ ஹோண்டுராஸிலிருந்து வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அவன் தலையாட்டினான். தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று டெல்மர் எடுத்துக்கொண்டார்.

இரண்டு பேரும் நடைபாதைக்குக் கான்கிரீட் போடுகிறவர்கள். கலவை லாரி வந்து கொட்டியதும், பத்தடி நீள மட்டப்பலகையை ஆளுக்கொரு முனையில் பிடித்து, ரம்பம் அறுப்பதுபோல அப்படியும் இப்படியும் அசைத்தபடி பின்னோக்கி இழுத்துவர வேண்டும். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இழுத்தால் தளம் அலை அலையாக நிற்கும். காய்ந்த பிறகு அதை யாராலும் மறைக்க முடியாது. மூன்று வருஷமாக டெல்மர் ஒரு முனை, ரொசெண்டோ ஒரு முனை. முட்டிபோட்டு முட்டிபோட்டு டெல்மரின் முழங்கால்கள் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. எந்த நேரத்தில் அவருக்கு வலிக்கும், எந்த நேரத்தில் பலகையைக் கொஞ்சம் தன் பக்கம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் ரொசெண்டோவுக்குச் சொல்லாமலே தெரியும்.

செப்டம்பர் கடைசியில் டெல்மர் ஐந்நூறு டாலர் சேர்த்துவிட்டார். மீதியைக் கிறிஸ்துமசுக்குள் கொடுத்துவிடலாம் என்று கணக்கு. ஒரு திங்கட்கிழமை அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தார். அன்றைக்குக் காலையில்தான், பலகைக்கு முட்டுக்கொடுக்கிற இரும்பு முளை ஒன்று கைநழுவி ரொசெண்டோவின் கால்மேல் விழுந்திருந்தது. நொண்டிக்கொண்டே வேலை செய்தான்.

மதியச் சாப்பாட்டுக்கு இருவரும் வண்டியின் பின்பலகையை இறக்கி அதன்மேல் உட்கார்ந்தார்கள். ரொசெண்டோ பீன்ஸும் சீஸும் வைத்து மடித்த மாவுரொட்டியில் பாதியைப் பிய்த்து, எப்போதும்போல டெல்மரிடம் கொடுத்தான். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். கடன், பணம் என்ற வார்த்தைகளை நாலு பேர் காதில் விழும்படி சொல்வது டெல்மருக்குக் கூச்சம். அதனால் சட்டைப்பையை மெல்லத் தட்டிக்காட்டிவிட்டு, தணிந்த குரலில் கேட்டார்.

“யூ குட்?”

ரொசெண்டோ குனிந்து தன் காலைப் பார்த்தான். “ஐம் குட் அண்ணே.”

“நிஜமாவா?”

“நிஜமாத்தான்.”

“இல்லப்பா, சும்மா வாய்க்குச் சொல்லாத. ஒண்ணும் கஷ்டம் இல்லையே? ஆல் குட்?”

“ஆல் குட், ஆல் குட்” என்று சொல்லி ரொசெண்டோ சிரித்தான்.

டெல்மர் ரொட்டியைக் கீழே வைத்தார். அவன் தோளைப் பிடித்து, “நீ பெரிய மனுஷன்பா” என்றார். “வேற ஒருத்தனா இருந்தா இந்நேரம் கத்தித் தீர்த்திருப்பான்.”

“இதுக்கெல்லாம் எதுக்குண்ணே கத்தணும்” என்றான் ரொசெண்டோ.

அன்று சாயங்காலம் டெல்மர் அந்த ஐந்நூறு டாலரைக் கொண்டுபோய், குளிர்காலத்துக்கு வீட்டைச் சூடாக்குகிற எண்ணெய்க்குக் கட்டிவிட்டு வந்தார். பணத்தை விட்டுக்கொடுத்துவிட்டான், மகராசன் என்று நினைத்துக்கொண்டே தூங்கினார்.

அக்டோபரில் ஏரிக்காற்று திரும்பியது. அதோடு ரொசெண்டோவும் முகம் திருப்பிக்கொண்டான். முதலில் மாவுரொட்டி நின்றது. பிறகு சாப்பாட்டு நேரத்தில் வேறு வண்டியில் போய் உட்கார ஆரம்பித்தான். ஒருநாள் டெல்மர் பூசுகிற கரணையை எடுத்துத்தரச் சொன்னபோது, “இந்தாங்க மிஸ்டர் டெல்மர்” என்று நீட்டினான். மூன்று வருஷமாக அண்ணே என்றவன் வாயிலிருந்து மிஸ்டர் வந்தது, கலவையில் கண்ணாடித்துண்டு கிடந்ததுபோல டெல்மரைக் கிழித்தது.

பலகையும் ஒத்துழைக்க மறுத்தது. அவர் விட்டுக்கொடுக்கிற நேரம் அவனும் விட்டுக்கொடுத்தான். அவர் இழுக்கிற நேரம் அவனும் இழுத்தான். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, தளத்தைக் காலால் காட்டினார்.

“என்ன இது, நடைபாதையா, ஏரியா? உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னய்யா, புருஷன் பொண்டாட்டிச் சண்டையா? வீட்டுல போய் வச்சுக்கங்க.”

பிறகு டெல்மரைத் தனியாகக் கூப்பிட்டு, “அடுத்த சீசனுக்கு வேற கும்பலுக்கு மாத்திவிடச் சொல்லிக் கேட்டிருக்கான் ரொசெண்டோ. என்ன செஞ்சீங்க அவனை?” என்றார்.

“நான் என்ன செஞ்சேன்? ஒண்ணும் செய்யல.”

“அதான் பிரச்னையோ என்னமோ” என்று சொல்லிவிட்டு மேஸ்திரி போய்விட்டார்.

டெல்மருக்குக் கோபம்தான் வந்தது. பெரிய மனசு பண்ணிக் கடனை விடுகிறவன், விட்டபின் எதற்கு இப்படி மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டும்? கொடுத்ததைச் சொல்லிக்காட்டாமலே குத்திக்காட்டுகிறான் என்று தோன்றியது. அவனுடைய முனையை இனி வேறு யார் பிடித்தாலும் தன் முழங்கால் தாங்காது என்பதும் கூடவே தோன்றியது. அதைவிட, அந்த மிஸ்டர் குத்தியது ஆறவில்லை.

டெல்மர் யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தார். செவ்வாய், வியாழன் சாயங்காலங்களில் நூலகத்தின் கீழ்த்தளத்தில் பெரியவர்களுக்கு ஆங்கில எழுத்தும் பேச்சும் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே போனார். பத்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். இத்தனை வருஷமும் போர்டுகளைப் படம்போலத்தான் அடையாளம் வைத்திருந்தார். வரப்போகிற வசந்தகாலத்திலிருந்து பாதுகாப்புப் பரீட்சையை எழுதித்தான் பாஸ் பண்ண வேண்டும் என்று கம்பெனி சொன்னதால், வேறு வழியில்லாமல் சேர்ந்தார்.

அங்கே அவர் ஒருவர்தான் உள்ளூர்க்காரர். மற்றவர்கள் எல்லோரும் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். அவர்களுக்கு எழுத்து தெரியும், பேச்சு தெரியாது. இவருக்குப் பேச்சு தெரியும், எழுத்து தெரியாது. முதல் நாள் வெட்கத்தில் கதவோர நாற்காலியில் உட்கார்ந்தவர், மூன்றாவது வாரம் நடுமேசைக்கு வந்துவிட்டார்.

சொல்லிக்கொடுத்தவர் ஆர்லீன் குஸ்மிக்கி. முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டிவிட்டு ஓய்வுபெற்றவர். இலக்கணம் என்ற பேச்சே எடுக்கமாட்டார். ஒரு சொல்லை எழுதி, அதன் பக்கத்தில் எந்தச் சொல் வந்து உட்காரும் என்று கேட்பார். மழைக்கு முன்னால் ‘ஹெவி’ உட்காரும், காபிக்கு முன்னால் ‘ஸ்ட்ராங்’ உட்காரும். இடம் மாற்றி உட்காரவைத்தால் உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஏன் என்று கேட்டால் ஆர்லீனுக்கும் தெரியாது. நம் பேச்சில் வெயில் அடிக்கிறது, மழை பெய்கிறது. வெயில் பெய்கிறது என்று யாராவது சொன்னால் காது ஒத்துக்கொள்ளாது. அந்தமாதிரிதான்.

டெல்மருக்கு இதில் ஒரு தொந்தரவு. முதல் சொல்லைத் தட்டுத்தடுமாறிப் படித்துவிட்டால், அடுத்த சொல்லை எழுத்தைப் பார்க்காமலே காது சொல்லிவிடும். ஆர்லீன் கட்டைவிரலால் மீதியை மறைத்துக்கொண்டு, “ஊகம் பண்ணாத கண்ணு, படி” என்பார்.

அக்டோபர் கடைசி வியாழக்கிழமை. கரும்பலகையில் ஒரே ஒரு சொல்லை எழுதினார் ஆர்லீன்.

“இன்னிக்கு இது ஒண்ணுதான். குட். இதைவிடச் சின்னப் பிள்ளை வார்த்தை கிடையாது. எங்கே, பக்கத்துல என்னென்ன உட்காரும், சொல்லுங்க பார்ப்போம்.”

குட் மார்னிங் வந்தது, குட் நைட் வந்தது, குட் பாய் வந்தது. ஆர்லீன் தன் பங்குக்கு ‘ஃபார் குட்’ என்று எழுதினார். “என் புருஷன் எண்பத்தாறாம் வருஷம் என்னை விட்டுட்டுப் போயிட்டான். கான் ஃபார் குட்.”

மேசையின் கோடியில் இருந்த சூடான்காரர் இத்ரீஸ் யோசித்தார். “நல்ல காரியத்துக்காகப் போனாரா?”

“இல்ல கண்ணு. ஒரேயடியாப் போயிட்டான். இனிமே வரமாட்டான்னு அர்த்தம்.”

“அதுல என்னம்மா குட் இருக்கு?”

“நீ அவனைப் பார்த்ததில்ல.”

எல்லோரும் சிரித்து அடங்கினார்கள். அப்போது தில்மாயா கையைத் தூக்கினாள். நேபாளி பேசுகிறவள், ஓட்டல் ஒன்றில் படுக்கைவிரிப்பு துவைக்கிற இடத்தில் வேலை. “எனக்கு ஒரு வழக்கு இருக்கு. எங்ககூட ஷெல்லின்னு ஒருத்தி வேலை பார்க்கறா. நான் டீ போட்டுக்கிட்டுப் போயி, குடிக்கிறியாக்கான்னு கேட்டேன். ‘ஐம் குட்’ன்னா. நீ நல்லவன்னு எனக்குத் தெரியாதா, அதனாலதானே உனக்குக் குடுக்கறேன்னு ஊத்திட்டேன். மறுநாளும் கேட்டேன். மறுநாளும் ஐம் குட். மறுபடியும் ஊத்தினேன். ரெண்டு வாரம் குடிச்சா பாவம். அப்புறந்தான் தெரியுது, அவளுக்கு டீயே ஆகாது.”

ஆர்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “டெல்மர், நீ சொல்லு. ஐம் குட்ன்னா என்ன?”

டெல்மருக்கு இது பிடித்த வேலை. எழுத்து தடுக்கிற இடத்தில் எல்லோரும் அவர் காதைத்தான் கேட்பார்கள். “வேணாம்னு அர்த்தம்மா. வேணாம்னு வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டாச் சொன்னா மரியாதையா இருக்காதுல்ல. அதுக்குத்தான். எனக்கு இருக்கறது போதும், நீ சிரமப்படாதேன்னு.”

“அப்ப எப்படி இருக்கேன்னு கேட்டா?”

“அதுக்கும் ஐம் குட்தான். சௌக்கியம்னு.”

“அதே வார்த்தையா?”

“அதே வார்த்தைதான்.”

தில்மாயா விடவில்லை. “சரி, ‘யூ குட்?’ன்னு கேக்கறாங்களே, அது?”

“அது வந்து...” டெல்மர் விரலை மடக்கினார். “அடிகிடி பட்டுச்சான்னு கேக்கலாம். இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேக்கலாம். கையில காசு இருக்கா, இப்ப தேவைப்படுதான்னு கேக்கலாம். நமக்குள்ள கணக்குத் தீர்ந்துச்சா, மனசுல ஒண்ணும் இல்லையேன்னு கேக்கலாம்.”

“நாலு கேள்வியா?”

“இடத்தப் பொறுத்துத் தெரிஞ்சிடும்மா.”

“உங்களுக்குத் தெரிஞ்சிடும். எனக்கு?” என்றாள் தில்மாயா. “நீங்க ஒண்ணக் கேட்டு, நான் இன்னொண்ணுக்குப் பதில் சொல்லிட்டா? நான் எதுக்குச் சொன்னேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

டெல்மர் தன் விரல்களைப் பார்த்தார். மடக்கிய விரல்கள் மடக்கியபடியே மேசைமேல் இருந்தன. முதல் விரல் அடிபட்டதற்கு. மூன்றாவது விரல் காசுக்கு.

அன்றைக்கு ரொசெண்டோ குனிந்து காலைத்தான் பார்த்தான். சட்டைப்பையைப் பார்க்கவே இல்லை.

“என்ன கண்ணு, யூ—” என்று ஆரம்பித்த ஆர்லீன், தானே நிறுத்திக்கொண்டு, “உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்று மாற்றிக் கேட்டார்.

“ஒண்ணுமில்ல. ஒருத்தனுக்குப் பணம் தரணும், அது ஞாபகம் வந்துருச்சு” என்றார் டெல்மர்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. நீ பெரிய மனுஷன் என்றதை, வலி தாங்குகிறவன் என்று அவன் எடுத்துக்கொண்டிருப்பான். எதுக்குக் கத்தணும் என்று அவன் கேட்டது நசுங்கின கால்விரலுக்காக. அவன் கொடுத்த ஜூன் மாதத்திலிருந்து இன்றுவரை, கொடுத்த பணத்தைப் பற்றி டெல்மர் ஒரு வார்த்தை பேசியதாக அவன் கணக்கில் இல்லவே இல்லை. தான் ஒரு திருடனாக நாலு மாதம் அவன் எதிரில் நின்று பலகை இழுத்திருக்கிறோம் என்று புரிந்தது. ஐம் குட் ஃபார் இட் என்று சொன்ன வாய் இது.

வங்கியில் இருந்தது இருநூற்றைம்பது. எண்ணெய்க்குக் கட்டிய ஐந்நூறு தொட்டியில் எண்ணெயாகக் கிடந்தது. அதைத் திருப்பி ஊற்ற முடியாது. சீசன் முடிய இரண்டு வாரமே பாக்கி. உறைபனி விழுந்துவிட்டால் கான்கிரீட் வேலை நின்றுவிடும். ரொசெண்டோ ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம் என்று போய்விடுவார்கள். அதற்குள் கொடுத்தாக வேண்டும். அஞ்சல் வழியாக அனுப்பினால் பணம்தான் போய்ச்சேரும். மற்றது போய்ச்சேராது.

குளிர்காலத்தில் ஏரியின் வளைகுடா உறைந்ததும், பனியில் ஓட்டைபோட்டு மீன்பிடிக்கிற ஒரு மரக்குடிசை டெல்மரிடம் இருந்தது. சறுக்குக்கட்டை பொருத்தி, உள்ளே சின்ன அடுப்பு வைத்து, அவரே அடித்துச் செய்தது. வேலையில்லாத ஜனவரியும் பிப்ரவரியும் அவருக்கு அதற்குள்தான் கழியும். பக்கத்துவீட்டு வெண்டல் ரொம்ப நாளாக அதன்மேல் கண்வைத்திருந்தார்.

“துளைபோடற மிஷினோட சேர்த்து ஐந்நூறு” என்றார் டெல்மர்.

“என்னய்யா, போன வருஷம் ஆயிரம் குடுத்தாலும் தரமாட்டேன்னியே?”

“போன வருஷம் கேட்டிருக்கணும்.”

“யாராவது செத்துட்டாங்களா?”

“இன்னும் இல்ல. சீக்கிரம் எடுத்துட்டுப் போ, மனசு மாறிடப்போகுது.”

வெண்டல் ஐந்து நூறு டாலர் நோட்டுகளாகக் கொடுத்தார். வங்கியிலிருந்து இரண்டு நூறும் ஒரு ஐம்பதும் வந்தன.

மறுநாள் ஒரு முதியோர் இல்லத்தின் வாசலில் சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சரிவுப்பாதை போடுகிற வேலை. ரொசெண்டோ பஸ்ஸிலிருந்து எதிர்ப்பக்கத்துப் பெட்ரோல் பங்க் முன்னால் இறங்குவான். டெல்மர் அரைமணி முன்னதாகவே போய் வண்டிக்குள் உட்கார்ந்து, சொல்லவேண்டியதைச் சொல்லிப்பார்த்துக்கொண்டார். குட் என்ற சொல்லே இல்லாமல் பேசிவிட வேண்டும் என்பது அவருடைய தீர்மானம். ஆரம்பமே தடுக்கியது. காலை வணக்கத்திலேயே அது முதல் ஆளாக வந்து நின்றது.

பஸ் வந்தது. ரொசெண்டோ குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினான். டெல்மர் எதிரில் போய் நின்றார்.

“ரொசெண்டோ. நான் உனக்குப் பணம் தரணும். எழுநூத்தி நாப்பது டாலர். இதுவரைக்கும் ஒரு பைசா தரல. இப்ப தர்றேன். இந்தா.”

ரொசெண்டோ கவரையும் பார்த்தான், அவரையும் பார்த்தான். வாங்கவில்லை. “இன்னிக்கு என்ன வந்துச்சு மிஸ்டர் டெல்மர்? மேஸ்திரி ஏதாவது சொன்னாரா?”

“மேஸ்திரிக்கு இதுல என்ன. உன் கால்ல முளை விழுந்துச்சே, அன்னிக்குச் சாப்பிடறப்ப உன்னை ஒண்ணு கேட்டேன், ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. காலு எப்படி இருக்குன்னு கேட்டீங்க. மூணு தடவை கேட்டீங்க.”

“காலக் கேக்கலப்பா. பணத்தக் கேட்டேன். பையில ஐந்நூறு டாலர் வச்சுக்கிட்டு, இப்ப வேணுமான்னு கேட்டேன்.”

ரொசெண்டோவின் புருவம் மெல்ல ஏறியது. “எப்பக் கேட்டீங்க?”

“யூ குட்னு கேட்டேன்ல. நீ ஐம் குட்னு சொன்ன. எங்க ஊர்ல அப்படிச் சொன்னா வேணாம்னு அர்த்தம். நீ பணத்த விட்டுட்டேன்னு நினைச்சேன்.”

“எழுநூத்தி நாப்பத யாராவது விடுவாங்களா?” ரொசெண்டோ நிஜமாகவே திகைத்துப்போனான். “நான் என்ன ராஜாவா? டிசம்பர்ல பொண்டாட்டியும் மகளும் வர்றாங்க. வீட்டுக்காரம்மா ரெண்டு மாச வாடகை முன்னாடியே கேக்குது. நான் பொண்டாட்டிகிட்டப் போன்ல சொல்லி அழுவேன் தெரியுமா. இந்த மனுஷன் என் கால மூணுதரம் விசாரிக்கிறாரு, என் காச ஒருதரம் விசாரிக்கமாட்டேங்கிறாரேன்னு.”

“அவ என்ன சொன்னா?”

“அந்த ஆளுகூட வேலை செய்யாதேன்னா.”

“சரியாத்தான் சொல்லியிருக்கா.”

“நீங்களும் கேட்டீங்களே ஒரு கேள்வி. பணம்னு ஒரு வார்த்தை அதுல இருந்தா என்ன?”

“கூச்சம்பா.”

“கூச்சப்பட்டு என்னைக் கொன்னுட்டீங்க.” ரொசெண்டோ கேட்டான்: “இப்ப மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

இந்தக் கேள்வி வரும் என்று டெல்மர் வண்டிக்குள் உட்கார்ந்து யோசித்திருந்தார். ஒரு பொய்யும் தயாராக இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. “வகுப்புல ஒரு பொண்ணு சொன்னா. படிக்கப் போறேன். நூலகத்துல, எழுத்து படிக்க.”

“என்ன எழுத்து?”

“எழுத்துதான். ஏ, பி, சி. எனக்குப் படிக்கத் தெரியாது.”

ரொசெண்டோ அவரை உற்றுப்பார்த்தான். “நீங்க அமெரிக்காக்காரராச்சே.”

“அமெரிக்காக்காரன்தான். எழுத்து மட்டும் வரல.”

“அதான் அன்னிக்கு பஸ் அட்டவணையப் பார்த்துச் சொல்லுங்கன்னா கண்ணாடி கொண்டாரலன்னீங்க. அதுக்கு முன்னாடி நாளும் கண்ணாடி கொண்டாரல.”

“எனக்குக் கண்ணாடியே கிடையாது.”

ரொசெண்டோவுக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு சிரிப்பு வாய்விட்டு வந்தது. டெல்மரும் சிரித்தார். பங்க்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள்.

“எண்ணிப்பாரு” என்று கவரை மறுபடி நீட்டினார் டெல்மர். ரொசெண்டோ கையுறையைக் கழற்றிவிட்டு எண்ணினான்.

“பத்து டாலர் அதிகமா இருக்கு.”

“உன்கிட்ட சில்லறை இருந்தாக் குடு. இல்லன்னா வச்சுக்க.”

“அதெல்லாம் வேணாம். வச்சுக்கன்னு இன்னிக்குச் சொல்வீங்க, நான் ஒண்ணு புரிஞ்சுக்குவேன், நீங்க ஒண்ணு புரிஞ்சுக்குவீங்க. மத்தியானத்துக்குள்ள குடுத்துடறேன்.”

கலவை லாரி திருப்பத்தில் வந்துகொண்டிருந்தது. அன்றைய தளம் கஷ்டமான தளம். சரிவு ஒரே சீராக இறங்க வேண்டும், இல்லாவிட்டால் சக்கர நாற்காலி ஓரிடத்தில் முட்டி நிற்கும். குளிரில் கலவை சோம்பலாகத்தான் நகர்ந்தது. முதல் இரண்டு இழுப்பில் பலகை இடறியது. மூன்றாவது இழுப்பில் டெல்மரின் இடது முழங்கால் சுருக்கென்றது. பலகை தானாகவே கொஞ்சம் ரொசெண்டோ பக்கம் போனது.

மேஸ்திரி வந்து மட்டக்கோலை வைத்துப் பார்த்தார், வேறு இடத்தில் வைத்துப் பார்த்தார், குறைசொல்ல ஒன்றும் கிடைக்காமல் போய்விட்டார்.

மதியம், குளிரில் உறையாமலிருக்கத் தளத்தின்மேல் போர்வைகளை விரித்து மூடியபிறகு ரொசெண்டோ சாலையைக் கடந்து பங்க் கடைக்குப் போனான். கடைக்காரப் பையன் ஏதாவது வாங்கினால்தான் நோட்டுக்குச் சில்லறை தருவேன் என்றிருக்கிறான். ரொசெண்டோ இரண்டு காபி வாங்கி, மீதிச் சில்லறையோடு திரும்பி வந்தான். டெல்மர் வண்டியின் பின்பலகையை இறக்கி உட்கார்ந்திருந்தார். ரொசெண்டோ பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, ஒரு காபியை அவரிடம் கொடுத்தான்.

“இது என் கணக்கு. இதுக்கு நீங்க தரவேண்டியது ஒண்ணும் இல்ல. இனாம். புரியுதா?”

“புரியுது.”

“வேற கும்பலப் பத்தி மேஸ்திரிகிட்டப் பேசிட்டேன். அங்க மணிக்கு ஒரு டாலர் அதிகமாத் தர்றாங்க. பொண்டாட்டி வந்தப்புறம் அவளக் கேட்டுத்தான் முடிவு பண்ணுவேன்.”

“கேட்டே பண்ணு. டாலர்னா டாலர்தான்.”

“ஆனா அவகிட்ட முதல்ல இந்தக் கதையச் சொல்லணும். நம்பமாட்டா.”

ரொசெண்டோ சட்டைப்பையிலிருந்து கசங்கிய ஐந்து டாலர் நோட்டுகள் இரண்டை எடுத்து, ஒவ்வொன்றாகத் தொடையில் வைத்து நீவி, டெல்மரின் உள்ளங்கையில் வைத்தான். டெல்மர் அவற்றை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“தீர்ந்துச்சா அண்ணே?”

“தீர்ந்துச்சு. நீ எனக்குத் தரவேண்டியதில்ல. நான் உனக்குத் தரவேண்டியதில்ல.”

“ஒரு பைசா?”

“ஒரு பைசா இல்ல” என்றார் டெல்மர்.